உங்களுக்குத் தெரியுமா? பக்கத்து உலை வெடித்தது... நம் உலையை மறுபடி ஓட்டலாமா?

சிங்கப்பூர் வரைபடத்தை விரியுங்கள். தேக்கா சந்தையை நடுவில் வைத்து 20 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போடுங்கள். சாங்கி விமான நிலையம் உள்ளே! உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி உள்ளே! கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இந்தோனேசியாவின் பெலாக்காங் பாடாங் தீவும் உள்ளே! 2011-இல் ஃபுகுஷிமாவைச் சுற்றி ஜப்பான் அரசு காலி செய்யச் சொன்ன வட்டமும் இதே 20 கிலோமீட்டர்தான்!

அந்த வட்டத்தின் பரப்பளவு 1,256 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூர் மொத்தமுமே சுமார் 735-தான்!

செர்னோபிலுக்குப் போட்ட வட்டம் 30 கிலோமீட்டர். அதில் சிங்கப்பூர் போல ஏறக்குறைய நான்கு நாடுகள் அடங்கும்!

இனிதான் விஷயமே. ஓர் உலை விபத்தில் சிக்கிவிட்டது. பக்கத்திலேயே இன்னொன்று, ஒரு கீறல்கூட இல்லாமல் நிற்கிறது. அதை மறுபடி ஓட்டலாமா? இதற்குப் பதில் சொல்ல உலகம் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கேளுங்கள். கல்பாக்கம் 7 நாள்! செர்னோபில் 158 நாள்! அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் 2,381 நாள்! ஜப்பானின் ஒனகாவா 4,981 நாள்! தேதிகளை எடுத்து வைத்து நானே கூட்டிப் பார்த்த கணக்கு, நீங்களும் சரிபார்க்கலாம்!

முதலில் நம்ம தமிழ்நாடு.

2004 டிசம்பர் 26. சுனாமி. கல்பாக்கத்தின் இரண்டாம் உலை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் பம்ப் அறைக்குள் புகுந்தது. ஊழியர்கள் உலையை உடனே நிறுத்தினார்கள். குளிரூட்டல் தடைபடவில்லை, கதிரியக்கம் கசியவில்லை!

முதலாம் உலை? அது பழுதுபார்ப்புக்காக ஏற்கெனவே நின்றுபோயிருந்தது!

ஊழியர் குடியிருப்பில் அலை உயிர்களைக் கொண்டுபோனது. பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த ஈனுலையின் அஸ்திவாரக் குழி கடல்நீரால் நிரம்பியது. அப்படி ஒரு வாரத்தில், இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் சோதித்துப் பார்த்து அனுமதி கொடுத்தது. 2005 ஜனவரி 2, உலை மறுபடி ஓடியது!

ஃபுகுஷிமாவுக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே ‘சுனாமி வந்தால் அணு உலை என்ன ஆகும்?’ என்ற பரீட்சையை எழுதி முடித்த ஊர் நம் கல்பாக்கம்! அதே 2005-இல் சர்வதேச அணுசக்தி முகமை தன் வெள்ள ஆபத்துப் பயிலரங்கை எங்கே நடத்தியது தெரியுமா? கல்பாக்கத்திலேயே!

செர்னோபிலுக்கு வாருங்கள். 1986 ஏப்ரல் 26 அதிகாலை நான்காம் உலை வெடித்தது. சுவர் ஒட்டிய மூன்றாம் உலையைச் சில மணி நேரத்தில் நிறுத்தினார்கள். முதலாம், இரண்டாம் உலைகள்? பக்கத்தில் நெருப்பு எரிய எரிய, ஏறக்குறைய ஒரு முழு நாள் மின்சாரம் தயாரித்துக்கொண்டே இருந்தன!

அதைவிடப் பெரிய அதிர்ச்சி இது. வெடித்த உலையைக் கான்கிரீட்டால் மூடும் வேலை 1986 நவம்பரில்தான் முடிந்தது. முதலாம் உலையை அக்டோபர் 1-ஆம் தேதியே ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள்! இரண்டாம் உலை நவம்பரில். வெடித்த உலையோடு ஒரே கட்டடத்தில் இருந்த மூன்றாம் உலை 1987 டிசம்பரில்!

1991 அக்டோபரில் இரண்டாம் உலையின் டர்பைன் கூடத்தில் தீ. அதோடு அது ஓய்ந்தது. முதலாம் உலை 1996 வரை. மூன்றாம் உலையோ 2000 டிசம்பர் 15 வரை! செர்னோபில் விபத்துக்குப் பிறகு 14 ஆண்டுகளுக்கு மேல் செர்னோபில் மின்சாரம் உக்ரைன் வீடுகளில் விளக்கெரித்தது!

ஊழியர்கள் எங்கே குடியிருந்தார்கள்? அவர்களுக்காகவே ஸ்லாவூட்டிச் என்று ஒரு புதிய நகரத்தைக் கட்டினார்கள். அங்கிருந்து வேலைக்குப் போன ரயில் வழியில் பெலரூஸ் எல்லைக்குள் நுழைந்து வெளியே வந்தது!

மக்கள் காலி செய்த பிரிப்பியாத் நகரின் நீச்சல்குளம் தெரியும்தானே, எல்லாப் புகைப்படத்திலும் உடைந்து கிடக்குமே, அதுதான். 1990-களின் பின்பாதி வரை அதில் ஊழியர்கள் நீந்தினார்கள்!

இங்கிலாந்து நேர் எதிர். 1957 அக்டோபர், விண்ட்ஸ்கேலில் முதலாம் உலையில் தீ. இரண்டாம் உலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நிறுத்தியவர்கள் மறுபடி ஓட்டவே இல்லை!

கனடாவின் சாக் ரிவரில் 1952 டிசம்பரில் விபத்து. அங்கே விபத்தான உலையையே கழுவித் துடைத்து, பாகம் மாற்றி, 14 மாதத்தில் ஓட்டிவிட்டார்கள்! அது 1993 வரை ஓடியது!

துப்புரவுக்கு வந்த அமெரிக்கக் கடற்படைக் குழுவில் ஓர் இளைஞர் இருந்தார். உலைக்குள் இறங்கி வேலை செய்ய ஒருவருக்குக் கிடைத்தது வெறும் ஒன்றரை நிமிடம்! அவர் பெயர் ஜிம்மி கார்ட்டர். 26 ஆண்டு கழித்து இன்னொரு அணு விபத்தைப் பார்வையிட மஞ்சள் காலணி உறையோடு வந்தார், அமெரிக்க அதிபராக!

மும்பை டிராம்பேயில் 1960-இல் ஓடத் தொடங்கிய சைரஸ் உலை இருக்கிறதே, அது இந்தச் சாக் ரிவர் உலையின் அச்சில் செய்ததுதான்!

நம் வட்டாரத்துக்கு வருவோம். பிலிப்பீன்ஸின் பத்தான் அணுமின் நிலையம். 621 மெகாவாட். செலவு 200 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல். இதுவரை தயாரித்த மின்சாரம்? பூஜ்யம்!

1979-இல் அமெரிக்காவில் விபத்து, பத்தானில் கட்டுமானம் நின்றது! மறுபடி கட்டி முடித்தார்கள். 1986-இல் செர்னோபில் வெடித்தது, புதிய அதிபர் கொரசோன் அக்கினோவின் அரசு பூட்டுப் போட்டது! பிறகு ஓட்டிப் பார்க்கலாமா என்று பேச்சு எழுந்தது. 2011-இல் ஃபுகுஷிமா! அந்த ஆண்டே சுற்றுலாப் பயணிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள்! எங்கோ நடந்த மூன்று விபத்துகள், எரிபொருளே நிரப்பாத ஓர் உலையை மூன்று முறை நிறுத்தின. இதற்கு ஈடான இன்னொரு துரதிர்ஷ்டக்கார உலையை நான் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை!

கடன்? ஒரு விளக்குகூட எரியாத நிலையத்துக்கான கடனை 2007 வரை அடைத்துத் தீர்த்தார்கள்!

வியட்நாமின் டாலாட் ஆய்வு உலையை 1963-இல் அமெரிக்கா கட்டிக் கொடுத்தது. 1975-இல் கிளம்பும்போது எரிபொருளைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது! 1980-களில் சோவியத் எரிபொருளோடு அதே இடத்தில் மறுபடி ஓடியது. ஒரே உலை, இரண்டு வல்லரசு!

கூடங்குளத்தை விட முடியுமா? ஃபுகுஷிமா வெடித்தபோது முதலாம் உலை ஏறக்குறைய தயார். இடிந்தகரையில் போராட்டம். மக்களின் அச்சம் தீரும்வரை பணியை நிறுத்துங்கள் என்று 2011 செப்டம்பர் 22-இல் ஜெயலலிதா அமைச்சரவை தீர்மானம் போட்டது. 2012 மார்ச் 18, சங்கரன்கோவில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு. மார்ச் 19, உலைக்குப் பச்சைக்கொடி! இடையில் ஒரே ஓர் இரவு!

2013 மே 6-இல் உச்ச நீதிமன்றம் சம்மதித்தது. ஜூலை 13 இரவு உலை உயிர்பெற்றது!

சரி, சிங்கப்பூர்? நம்மிடம் அணுமின் உலையே கிடையாது. ஆனாலும் ‘விபத்துக்குப் பிறகு என்ன செய்வது?’ என்ற கேள்விக்கு நாமும் பதில் சொல்லியிருக்கிறோம்!

2010-இல் ஆய்வு தொடங்கியது. அது நடந்துகொண்டிருக்கும்போதே ஃபுகுஷிமா! 2012 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் முடிவு வந்தது. இப்போதுள்ள அணு உலைகள் சிங்கப்பூருக்குத் தோதுப்படா! அதை அறிவித்தவர் அன்றைய இரண்டாம் வர்த்தக, தொழில் அமைச்சர் எஸ். ஈஸ்வரன்!

அத்தோடு கதை முடிந்தது என்றா நினைத்தீர்கள்? 2014-இலேயே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அணுசக்திப் பாதுகாப்பு ஆய்வுக்கு 63 மில்லியன் வெள்ளி ஒதுக்கியாயிற்று! உலை வேண்டாம் என்று சொன்ன நாடு, உலை நிபுணர்களைத் தயார் செய்கிறது!

2024 ஜூலை 31. அமெரிக்காவோடு அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம். அவர்கள் தரப்பில் ஆண்டனி பிளிங்கன். நம் தரப்பில் கையெழுத்திட்டவர் விவியன் பாலகிருஷ்ணன்! ஈஸ்வரன் சாத்திய கதவை பாலகிருஷ்ணன் திறக்கிறார் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம் போலிருக்கிறது!

2025 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் எதிர்கால எரிசக்தி நிதிக்கு மேலும் 5 பில்லியன் வெள்ளி! அதே ஆண்டு ஜூலையில் அந்தப் பல்கலைக்கழக ஆய்வுத் திட்டம் தனிக் கழகமாகவே உயர்ந்துவிட்டது!

ஏன் இந்த அவசரம்? சிராங்கூன் சாலையின் தீபாவளி ஒளியூட்டு முதல் எம்ஆர்டி வரை, இங்கே ஓடும் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் வருகிறது!

ஒரு மில்லியன் வெள்ளி பெறுமான கேள்வி. ஃபுகுஷிமா விபத்தை அடுத்து ஜப்பானிய உணவுப் பொருள்களுக்குச் சிங்கப்பூர் விதித்த கட்டுப்பாடு எப்போது முழுதாக நீங்கியது? 2021-இல்! பத்து ஆண்டு!

இப்போது ஜப்பான். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்!

விபத்துக்கு முன் அங்கே 54 உலைகள். 2012 மே 5 இரவு ஓடிக்கொண்டிருந்தவை? ஒன்றுகூட இல்லை!

2013 செப்டம்பர் முதல் 2015 ஆகஸ்ட் வரை கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு, ஒரு யூனிட் அணு மின்சாரமும் இல்லாமல் டோக்கியோ ஒளிர்ந்தது! 2015 ஆகஸ்ட் 11-இல் சென்டாய் முதலாம் உலை ஓடியபோதுதான் கணக்கு மறுபடி ஒன்றானது!

வெடித்த ஃபுகுஷிமா டாய்இச்சியிலிருந்து 12 கிலோமீட்டரில் இன்னொரு ஃபுகுஷிமா இருக்கிறது! பெயர் டாய்னி. நான்கு உலைகள். அங்கும் அதே சுனாமி. மூன்று உலைகளில் குளிரூட்டும் பம்புகள் செத்துவிட்டன. சுமார் 200 பேர் சேர்ந்து 9 கிலோமீட்டர் மின்கம்பியைத் தோளில் சுமந்து இழுத்தார்கள். ஒவ்வொரு 200 மீட்டர் துண்டும் ஒரு டன் எடை! எந்திரம் இல்லை, வெறும் கை! இரண்டு நாள்கூட ஆகவில்லை, வேலை முடிந்தது! நான்கு உலைகளும் பிழைத்தன!

அந்த நான்கில் எத்தனை மறுபடி ஓடின? ஒன்றும் இல்லை! அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய உலைகளைப் பிரித்து அகற்றுவது என்று 2019 ஜூலையில் முடிவெடுத்தார்கள். பிழைத்ததற்கு இதுதான் பரிசு!

ஒனகாவா இன்னும் வியப்பு. நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த அணுமின் நிலையம் ஃபுகுஷிமா அல்ல, ஒனகாவாதான்! அலை 13 மீட்டர். நிலையம் நின்ற மேடு 14.8 மீட்டர்! அவ்வளவு உயரம் வேண்டும் என்று பல பத்தாண்டுகளுக்கு முன்பே அடம்பிடித்த பொறியாளர் யானோசுகே ஹிராய். அவர் மட்டும் அன்று விட்டுக்கொடுத்திருந்தால்!

வீடிழந்த மக்கள் ஓடிவந்து தங்கியது எங்கே? அந்த அணுமின் நிலையத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில்! 300-க்கும் மேற்பட்டோர், ஏறத்தாழ மூன்று மாதம்!

இவ்வளவு நல்ல பிள்ளையாக நடந்துகொண்ட உலைக்கே 13 ஆண்டு காத்திருப்பு! கடலோரத்தில் 800 மீட்டர் நீளத்துக்குச் சுவர். கடல்மட்டத்திலிருந்து உயரம் 29 மீட்டர், நம் அடுக்குமாடி வீட்டில் பத்தாம் மாடி! 2024 அக்டோபர் 29-இல் இரண்டாம் உலை ஓடியது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஒரு கருவி மக்கர் செய்ய மறுபடி நிறுத்தம்! நவம்பரில் மீண்டும்!

தக்காஹாமா நான்காம் உலை அதற்கும் மேல். 2016 பிப்ரவரி 26-இல் மறுதொடக்கம். 29-ஆம் தேதி மின்கட்டமைப்போடு இணைக்கும் நேரம், செய்தியாளர்கள் கேமராவோடு காத்திருக்க, டக்கென்று தானாகவே நின்றுவிட்டது!

அடுத்த பத்து நாளுக்குள் ஓட்ஸு நீதிமன்றம் தக்காஹாமா மூன்றாம் உலையையும் நிறுத்தச் சொன்னது. ஓடிக்கொண்டிருந்த உலையை ஜப்பானிய நீதிமன்றம் ஒன்று நிறுத்தியது அதுவே முதல் முறை! வழக்குப் போட்டவர்கள் உலை இருக்கும் மாநிலத்தவர்கூட அல்ல, பக்கத்து ஷிகா மாநிலத்தவர்!

உலகின் மிகப் பெரிய அணுமின் நிலையம் ஜப்பானின் காஷிவாசாகி-காரிவா. ஏழு உலைகள், 8,212 மெகாவாட். சிங்கப்பூர் முழுவதும் சேர்ந்து உச்சத்தில் இழுக்கும் மின்சாரமே ஏறக்குறைய அவ்வளவுதான்! நடத்துவது யார்? ஃபுகுஷிமாவை நடத்திய அதே டெப்கோ!

அடுத்தவர் அடையாள அட்டையோடு ஊழியர் ஒருவர் கட்டுப்பாட்டு அறைக்குள் போன விவகாரம் வெளியே வந்தது. 2021-இல் நிலையத்தை ஓட்டத் தடை! 2023-இல் ஓர் ஊழியர் நிலையத்தின் ஆவணங்களைக் கார் கூரைமேல் வைத்தார், மறந்தார், வண்டியை ஓட்டிக்கொண்டு போனார், காகிதங்கள் பறந்தன! கதை எழுதினால் நம்பமாட்டீர்கள்!

உலையை ஓட்ட உள்ளூர் ஆளுநரின் சம்மதம் வேண்டும் என்று ஜப்பானியச் சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் அவர் தலையசைக்காமல் எவரும் சுவிட்சைத் தொடுவதில்லை! நீகாட்டா ஆளுநர் 2025 நவம்பரில் தலையசைத்தார். இத்தனைக்கும் அந்த மின்சாரம் போவது டோக்கியோ வட்டாரத்துக்கு. நீகாட்டாவுக்கு மின்சாரம் தருவது வேறொரு நிறுவனம்!

2026 ஜனவரி 21-இல் ஆறாம் உலை ஓடியது. மறுநாளே அலாரம், நிறுத்தம்!

கடைசியாக எனக்குப் பிடித்த கதை. திரீ மைல் ஐலண்ட், பென்சில்வேனியா. 1979 மார்ச் 28 அதிகாலை 4 மணி. இரண்டாம் உலையில் விபத்து. அணு உலை விபத்தைப் பற்றிய ‘தி சைனா சிண்ட்ரோம்’ திரைப்படம் வெளியாகி அன்றைக்குப் பன்னிரண்டே நாள்!

முதலாம் உலை? எரிபொருள் மாற்ற நிறுத்தி வைத்திருந்தார்கள். வேலைக்காக நின்றிருந்த உலை, அரசு ஆணையால் நின்ற உலையானது!

நின்றது நின்றபடியே கெட்டுப்போனது! ஓடாமல் கிடந்த காலத்தில் நீராவி உற்பத்திக் குழாய்கள் உள்ளே அரித்துப்போய்விட்டன. எப்படிச் சரிசெய்தார்கள்? 31,000 குழாய்களுக்குள் சின்னச் சின்ன வெடி வைத்து, வெடித்து, விரியச் செய்து இறுக்கினார்கள்! அணுமின் நிலையத்தில் வெடி வைத்துப் பழுதுபார்ப்பு!

உலையை ஓட்ட ஊழியர்கள் அரசுத் தேர்வு எழுத வேண்டும். 1981-இல் எழுதினார்கள். இரண்டு மேற்பார்வையாளர்களின் விடைத்தாள்கள் ஒன்றைப்போல ஒன்று! அணு உலைத் தேர்விலும் காப்பி! முடிந்த விசாரணையை மறுபடி திறந்தார்கள்!

1982 மே மாதம் சுற்றுவட்டார மூன்று மாவட்டங்களில் மக்கள் வாக்களித்தார்கள். ‘ஓட்டாதே’ என்றவர்கள் ஒருவருக்கு இருவர்! அந்த வாக்கெடுப்புக்குச் சட்ட மதிப்பு? பூஜ்யம்!

‘உலையை மறுபடி ஓட்டினால் பயத்தாலேயே நோய்வாய்ப்படுவோம், அந்தப் பயத்தையும் கணக்கில் எடுங்கள்’ என்று ஓர் அமைப்பு வழக்குப் போட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது! 1983-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது, நீதிபதிகளில் ஒருவர்கூட ஆதரவாக இல்லை!

அடுத்து ஒரு குண்டு. விபத்துக்கு முன் இரண்டாம் உலையின் கசிவு அளவுகளைத் திருத்தி எழுதியதாக மெட்ரோபாலிட்டன் எடிசன் நிறுவனத்தின்மீது கூட்டரசு குற்றவியல் வழக்கு! 1984-இல் ஒரு குற்றச்சாட்டை நிறுவனமே ஒப்புக்கொண்டது!

1985 மே 29. ஒழுங்குமுறை ஆணையத்தின் ஐந்து பேர் வாக்களித்தார்கள். நான்கு பேர் ‘ஓட்டலாம்’. ஒருவர் ‘கூடாது’! அக்டோபர் 2-இல் உச்ச நீதிமன்றம் தடை கொடுக்க மறுத்தது. அக்டோபர் 3-இல் உலை ஓடியது! ஒரு நாள்கூட வீணாக்கவில்லை!

அதன்பின் ஓடியது, ஓடியது, 34 ஆண்டு ஓடியது!

நடுவில் ஒரு விற்பனை. 1998-இல் பேசிய விலை 10 கோடி டாலர். அதில் எரிபொருளுக்கு 7.7 கோடி. உலைக்கு வெறும் 2.3 கோடி! டேங்கில் இருந்த பெட்ரோல் காரைவிட மூன்று மடங்கு விலை!

2019 செப்டம்பர் 20, கட்டுப்படியாகவில்லை என்று மூடினார்கள். விபத்தும் இல்லை, போராட்டமும் இல்லை, மலிவான எரிவாயு!

2024 செப்டம்பர் 20, மிகச் சரியாக ஐந்து ஆண்டு! மைக்ரோசாஃப்ட் வந்தது. தரவு நிலையங்களின் பசிக்கு 20 ஆண்டு மின்சாரம் வேண்டுமாம். 835 மெகாவாட், 160 கோடி டாலர் செலவில் மறுபடி ஓட்டப் போகிறார்கள்! பெயரையும் மாற்றியாயிற்று, கிரேன் தூய எரிசக்தி நிலையம்!

பக்கத்தில் 1979-இல் விபத்தான இரண்டாம் உலை இன்றும் அங்கேயே, ஓடாமல். ஆனால் அதன் ஜெனரேட்டர்? அதைக் கழற்றி, புதுப்பித்து, 2010-இல் வட கரோலினாவின் ஷியரன் ஹாரிஸ் அணுமின் நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டார்கள்!